பலகையில் மட்டும் போதாது. பட்டறைக்குள்ளும் வேண்டும் தமிழ்!

காஞ்சிக்கு அணித்தே உள்ள கூரம் என்னும் சிற்றூர் வரலாற்றில் இருவகையாற் பெயர் பெற்றது. இராமானுசரின் தலைமாணாக்கருள் ஒருவராகிய கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ வேந்தன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளித்த செப்பேட்டால் விளங்கும் ஊரும் அதுவே. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளுள் முதலாவதாக 1890-இல் வெளிவந்த நூலில் ஊல்சு என்னும் செருமானிய அறிஞர் அச்செப்பேட்டைப் பதிப்பித்தார்.

அதனை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். வேந்தனின் குலப் பெருமையும் போர் வெற்றியும் வடமொழியில் விரிந்து கிடக்கின்றன. ஆனால், எந்த நிலம், எதற்காக, பாலாற்றினின்று பெரும்பிடுகு என்னும் கால் எந்த ஏரிக்கு வெட்டப்பட்டது என்னும் நடைமுறைச் செய்திகளுக்கு வந்தவுடன் செப்பேடு தமிழில் பேசத் தொடங்கிவிடுகின்றது. ஏன்? புகழுரை கேட்பாருக்குப் புரியாவிடினும் ஒரு கேடும் இல்லை. கால் வெட்டுவானுக்கும், நிலம் அளப்பானுக்கும், நீர் பாய்ச்சுவானுக்கும் செய்தி புரியாவிட்டால் வேலையே நடவாது. புகழ வடமொழி, புழங்கத் தமிழ்! வடமொழியைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடிய பல்லவனுக்கே தெரிந்திருந்த இவ்வுண்மை, அதே காஞ்சி வட்டாரத்தில் இன்று கைப்பேசி பழுதுநீக்கும் கடை வைத்திருக்கும் தமிழ் இளைஞனுக்குத் தெரியவில்லை என்பதுதான் இற்றை நிலையின் இரங்கத்தக்க கூறு.

'கைப்பேசிக் கடைக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு? வயிற்றுப் பிழைப்புக்கு வைத்த கடையிலுமா மொழிச் சண்டை?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். வயிற்றுப் பிழைப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை பேசப்போகின்றது. பிழைப்பும் மொழியும் வெவ்வேறு என்று எண்ணியதால்தான் இரண்டும் கெட்டன.

காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் சாலைமுனைதோறும் இன்று ஒரு கைப்பேசிக் கடை உண்டு. ஆறடி அகலம், ஒரு கண்ணாடிப் பேழை, ஒரு விளக்கு, ஓர் உருப்பெருக்கி, ஒரு பற்றவைப்புக் கோல். அதன் பின்னால் கையில் தொழில் உள்ள ஓர் இளைஞன். மேலே பலகை: 'மொபைல் சேல்ஸ் அண்ட் சர்வீஸ்'. எழுத்து தமிழ், சொல் ஒன்றுகூடத் தமிழன்று. கடையில் கூட்டமும் இல்லை. 'ஆட்களை வரவழைப்பது எப்படி?' என்று அவன் கேட்டால், கேட்கப்பட்டவர் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் சொல்கின்றனர்: 'பலகையைப் பெரிதாக்கு, வண்ண விளக்குப் போடு, நடிகர் படம் வை, விலையைக் குறைத்து அறிவி.' அவனும் கடன்பட்டு அவற்றையெல்லாம் செய்கின்றான். அடுத்த கடைக்காரனும் அவற்றையே செய்கின்றான். இருவர் கடனும் ஏறுகின்றது. இருவர் கடையும் முன்போலவே இருக்கின்றன.

மருந்து பலிக்காமைக்குக் கரணியம், நோய் இன்னதென்று நாடாமையே. பழுதுபட்ட கைப்பேசியை வீட்டில் வைத்துக்கொண்டு கடைக்கு வரத் தயங்கும் ஒருவரைத் தடுப்பது எது? கடை கண்ணுக்குத் தெரியாமை அன்று, அச்சம். அவ்வச்சம் மூன்று வகைத்து. எவ்வளவு கேட்பானோ என்னும் விலையச்சம் ஒன்று. நல்ல உறுப்பைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவானோ என்னும் மாற்றச்சம் மற்றொன்று. பேசிக்குள் இருக்கும் படங்களையும் பணக் கணக்கையும் பார்த்துவிடுவானோ என்னும் மறைச்செய்தி அச்சம் மூன்றாவது. இம்மூன்றும் வளருமிடம் ஒன்றே: புரியாமை. புரியாமைக்கு வித்திடுவதோ கடைக்குள் வழங்கும் மொழி.

தறியில் இருந்து எழுந்து வந்த ஒரு நெசவுக்கார அம்மையை எண்ணிப் பார்க்க. அவர் உழைப்புக்குக் கூலி, நெய்த அளவுக்கே. தறியை விட்டு எழுந்த ஒவ்வொரு மணியும் இழப்பு. புடைவையின் கரைக்கும் முந்திக்கும் உரிய வடிவப் படம் கைப்பேசியில் வருகின்றது. கூலி வந்து சேர்ந்த செய்தியும் அதில்தான் வருகின்றது. வெளியூரில் படிக்கும் மகளின் குரலும் அதில்தான். அது நின்றுபோனால் வீட்டின் பாதி வாழ்வு நின்றுவிடுகின்றது. அவர் கடைவாயிலில் நின்று, 'என்னப்பா ஆச்சு இதுக்கு?' என்று கேட்கின்றார். 'டிஸ்பிளே போயிருக்கு, காம்போ மாத்தணும், ஒரிஜினலா காப்பியா? போர்டுல ஐ.சி.யும் வீக்கா இருக்கு' என்று விடை வருகின்றது. ஆறு சொல்லில் ஐந்து அவருக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றே: இங்கே நின்றால் ஏமாறுவோம் என்பது. 'வீட்டில் கேட்டுக்கொண்டு வருகின்றேன்' என்று சொல்லி நகர்கின்றார். அவர் மீண்டும் வருவதில்லை. அவருடன் பேசும் பத்துப்பேரும் வருவதில்லை.

அவ்விளைஞன் ஏமாற்றுக்காரன் அல்லன். ஏமாற்றுக்காரன் பேசும் மொழியைப் பேசினான். அதுவே அவன் குற்றம். புரியாத மொழிக்குள் மறைந்துகொண்டு பொருள் பறிப்பது இந்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் தொழில். கோயிலில் புரியாத மொழி. முறைமன்றத்தில் புரியாத மொழி. மருத்துவர் தாளில் புரியாத எழுத்து. எங்கெல்லாம் எளிய தமிழனுக்குப் புரியவில்லையோ, அங்கெல்லாம் அவன் கை பையை இறுகப் பற்றிக்கொள்கின்றது. அவ்வடு அவன் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்துள்ளது. கடைக்காரன் ஆங்கிலச் சொல்லை அடுக்கத் தொடங்கியவுடன், தன் நேர்மையைத் தானே திரையிட்டு மறைத்துக்கொள்கின்றான்.

'ஆங்கிலம் இருந்தால்தான் மதிப்பு' என்பர். யாரிடத்து மதிப்பு? மாநகரில் குளிரூட்டிய பெருங்கடையில் ஆங்கிலம் பேசும் ஏவலர் பதின்மர் நிற்பர். அந்த ஆட்டத்தில் ஆறடிக் கடை என்றைக்கும் வெல்லப்போவதில்லை. சென்னை நரசிங்கபுரத்துத் தெருவாகிய ரிச்சித் தெருவின் விலைக்கும் அதனால் விற்க இயலாது. அதன் வலிமை வேறு. அது பக்கத்தில் இருக்கின்றது. ஊர்க்காரனுடையது. கேட்டால் விளக்கம் சொல்லத் தக்கது. சிறுகடைக்கு வாய்த்த இம்மூன்று படைக்கலங்களும் தமிழில்தான் கூர்மை பெறும். அவற்றை எறிந்துவிட்டுப் பெருங்கடையின் நிழலுருவை உடுத்துக்கொள்வது, காக்கை தன் குரலை விட்டுக் குயிலாக முயன்று இரண்டும் கெட்டதையே ஒக்கும்.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். கைப்பேசி என்பது வெள்ளையன் நாட்டில் விளைந்து வானினின்று விழும் விந்தைப் பொருளா? இதே காஞ்சி வட்டாரத்துத் திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் தொழிற்சாலை 2006-இல் உருவாக்கத்தைத் தொடங்கி, 2014 நவம்பர் முதல் நாளில் மூடப்பட்டது. அங்கு இலக்கக் கணக்கில் பேசிகளைக் கோத்தவை தமிழ்ப் பெண்களின் விரல்கள். ஆப்பிள் நிறுவனத்தின் திறன்பேசிகளையும் 2019 முதல் அப்பகுதியில் பாக்சுகான் தொழிற்சாலை கோத்துத் தருகின்றது. உருவாக்கும் கை தமிழ்க் கை. பழுதுநீக்கும் கை தமிழ்க் கை. காசு கொடுக்கும் கையும் தமிழ்க் கை. இடையில் நாக்கு மட்டும் அயல்நாக்கா?

'தமிழில் சொல் ஏது?' என்பது அடுத்த தடை. இக்கேள்வி புதிதன்று. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோதும் இதையே கேட்டனர். 'அபேட்சகர்' போய் வேட்பாளர் வந்தார். 'காரியதரிசி' போய்ச் செயலாளர் வந்தார். 'அக்கிராசனர்' போய்த் தலைவர் வந்தார். பேருந்து என்னும் சொல்லைக் கேட்டு நகைத்தவர்களின் பேரர்கள் இன்று பேருந்து நிலையத்தில்தான் வண்டிக்குக் காத்து நிற்கின்றனர். சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று முத்து நெடுமாறனின் 'செல்லினம்' வெளிவந்து, கைப்பேசியிலேயே தமிழில் எழுதலாம் என்று காட்டிவிட்டது. பேசிக்குள் தமிழ் புகுந்து இருபது ஆண்டு ஆகியும், பேசி திருத்தும் கடைக்குள் தமிழ் புகவில்லை என்றால் குறை தமிழினதா, தமிழனதா?

திரை, தொடுபரப்பு, மின்கலம், மின்னேற்றி, மின்னேற்றத் துளை, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, மின்சுற்றுப் பலகை, பற்றாசு: இவை போதும் ஒரு பழுதுநீக்ககத்தின் அன்றாட வேலைக்கு. நிறுவனங்களின் பெயரை மொழிபெயர்க்கச் சொல்வார் எவருமிலர், அவை பெயர்கள். வந்தவர் 'பேட்டரி' என்று சொன்னால் அவரைத் திருத்திக் குட்டவும் வேண்டா. 'ஆமாம் அம்மா, மின்கலம் உப்பியிருக்கிறது, இது தீப்பற்றும், இதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, மாற்றிவிடுவோம்' என்று விடை சொன்னால் போதும். அச்சொல் அவரோடு வீட்டுக்குப் போகும். மொழி பரவும் வழி அதுவே. மேடையில் நூறு முறை முழங்கிய சொல்லைவிட, கடையில் காசு கொடுத்து வாங்கிய சொல் நிலைத்து நிற்கும்.

சட்டம் ஒன்றும் உண்டு. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 1948-இல் இயற்றப்பட்ட விதிகளில், பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும், பிறமொழி இருப்பின் தமிழே முதன்மையாக விளங்குதல் வேண்டும் என்னும் விதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. மீறினால் தண்டம் நெடுங்காலம் ஐம்பது உருபா அளவிலேயே கிடந்தது. ஒரு மின்னேற்றிக் கம்பியின் விலை! அண்ணா பிறந்த காஞ்சியில், 1967-இல் அவர் முன்மொழிந்து, 1969-இல் நடைமுறைக்கு வந்த 'தமிழ்நாடு' என்னும் பெயரைத் தாங்கிய மாநிலத்தில், தமிழுக்கு வைத்த விலை அது. அச்சட்டத்துக்கு அஞ்சி எழுதுவோரும் 'மொபைல் வேர்ல்டு' என்பதைத் தமிழெழுத்தில் எழுதி ஏய்த்துவிடுகின்றனர். சட்டையைத் தைக்காமல் பொத்தானை மட்டும் மார்பில் ஒட்டிக்கொண்டது போன்றது அது. எனவே, தண்டத்தை நம்பிப் பயனில்லை. தமிழ் ஈட்டித் தரும் என்று கடைக்காரன் கண்ணாரக் காண வேண்டும். காணும் வழி யாது?

முதலாவது, பெயர். 'கைப்பேசி பழுதுநீக்ககம்' என்று சாலையில் போவோர் படிக்குமளவு பெரிதாக எழுதுக. அதனடியில் கடை திறந்திருக்கும் நேரத்தை எழுதுக. தறிக்காரர் பொழுது சாய்ந்த பின்னரே எழுந்து வர இயலும். அவருக்காக மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்தால், காஞ்சிக்குப் போய்வரும் அரைநாட் கூலி அவருக்கு மிச்சம். அவ்வொன்றே பெருங்கடையை வெல்லும்.

இரண்டாவது, விலைப்பட்டியல். திரை மாற்ற, மின்கலம் மாற்ற, மின்னேற்றத் துளை துப்புரவு செய்ய, பழுது பார்த்துச் சொல்ல மட்டும் என்று நான்கைந்து வேலைகளின் கூலியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுக. நிறுவன உறுப்பு, பிற செய்வோர் உறுப்பு என இரண்டின் விலையையும் வேறுபாட்டையும் மறையாது எழுதுக. கழற்றிய பழைய உறுப்பை உடையவர் கையிலேயே கொடுத்துக் காட்டுக. மின்கலமாயின், காட்டிய பின் அதனை முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பைக் கடையே ஏற்க. விலையச்சமும் மாற்றச்சமும் அன்றோடு ஒழியும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையிற் பாடியவர். அவரே பட்டினப்பாலையில், மிகையாகக் கொள்ளாது, குறைவாகக் கொடாது, பொருளின் விலையை வெளிப்படச் சொல்லி விற்ற வணிகரைப் போற்றியுள்ளார். திருவள்ளுவரும் நடுவுநிலைமையின் இறுதிக் குறளை வணிகருக்கே ஒதுக்கினார். அயல்நாட்டான் எழுதிய விற்பனை நூலில் தேடியலையும் மறைபொருள், இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழன் வீட்டுப் பேழையில் கிடக்கின்றது!

மூன்றாவது, பற்றுச்சீட்டு. பேசியின் பதினைந்து இலக்க அடையாள எண் (*#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றுவது), கண்ட பழுது, சொன்ன விலை, திருப்பித் தரும் நாள், பொறுப்புறுதிக் காலம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்க. சீட்டுக் கொடாமை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம் என்பதைப் பலர் அறியார். பழைய பேசியை வாங்கி விற்போர், 2023 மே முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள நடுவணரசின் ஏற்பாட்டில் அவ்வெண்ணை ஆராய்ந்து, களவுப் பொருள் அன்றென்று உறுதி செய்துகொள்க. களவுப் பேசி ஒன்று பிடிபட்டாற் போதும், பத்தாண்டு நம்பிக்கை ஒருநாளில் கருகிவிடும்.

நான்காவது, மறைச்செய்தி காத்தல். பெண்கள் கைப்பேசிக் கடைக்கு வரத் தயங்குவது பெரும்பாலும் இதனாலேதான். 'கடவெண் கேட்க மாட்டோம், தேவைப்பட்டால் நீங்களே திறந்து காட்டலாம், முன்னிலையிலேயே திருத்தித் தரப்படும்' என்று பலகையில் எழுதுக, எழுதியபடி நிற்க. உள்ளடக்கத்தை மறைத்துப் பழுதுபார்க்க இடந்தரும் ஏந்து, 2022 முதல் சில நிறுவனப் பேசிகளில் உண்டு. அதனை இயக்கிக் காட்டுக. ஓர் ஊரின் பெண்கள் நம்பும் கடைக்கு அவ்வூர் முழுதும் வரும்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் தலையாயது: வேண்டாத வேலையை வேண்டா என்று சொல்லும் நெஞ்சு. 'மின்னேற்றம் ஏறவில்லை' என்று வரும் பேசிகளுட் பல, துளையில் பஞ்சும் தூசும் அடைந்தவை. அல்லது கம்பி தேய்ந்தவை. ஐந்து மணித்துளியில் துப்புரவு செய்து, 'இதற்கு உறுப்பு மாற்ற வேண்டுவதில்லை' என்று சொல்லிச் சிறுகூலி பெறுவோன், அன்று ஐந்நூறு உருபாவை இழக்கின்றான். அந்தத் தெருவையே ஈட்டிக்கொள்கின்றான். நீரில் விழுந்த பேசியை அரிசிக்குள் புதைக்காதீர்கள், அதனால் கேடே மிகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் வழிகாட்டியுள்ளது. 'நீரில் விழுந்தால் அணைத்துவிடுக, மின்னேற்றாதீர், உடனே கொணர்க' என்னும் மூன்று தொடரைத் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கும் கடைக்கு, நடிகர் படம் எதற்கு?

இனி, தமிழன்பர்க்கும் ஒரு சொல். கடைக்காரனைக் கடிவது எளிது. பலகையைப் படம்பிடித்து நகையாடுவது அதனினும் எளிது. ஆனால், தமிழ்ப்பெயர் வைத்த கடை ஒன்று ஊரில் இருக்க, அதனைக் கடந்துபோய் ஆங்கிலப் பெயர்க் கடையில் பேசியைக் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து மேடையேறுவோர் எத்தனைபேர்? அழகிய தமிழ்ப்பெயர் சூட்டிக் கொடுத்துத் திறப்பு நாளில் மாலையிட்டுப் படமெடுத்துக்கொண்டு போனபின், அக்கடை நடக்கின்றதா, வாடகை கட்டுகின்றதா என்று திரும்பிப் பார்த்தோர் எத்தனைபேர்? ஆறு திங்களில் அக்கடை மூடப்பட்டால், 'தமிழ்ப்பெயர் வைத்தான். கெட்டான்' என்றுதான் ஊர் சொல்லும். அப்பழி கடைக்காரனைச் சாராது. பெயர் வைத்துக் கைவிட்டாரையே சாரும்.

அதுபோலவே, தூய தமிழ்ப் பலகையின் கீழ் ஏமாற்று நடக்குமாயின், ஆங்கிலப் பலகையின் கீழ் நடக்கும் ஏமாற்றைவிட அது கொடிது. என்னை? அங்கே காசு மட்டும் போகின்றது. இங்கே காசோடு தமிழின் பெயரும் போகின்றது. ஆதலால், தமிழ்ப்பற்று மட்டும் உடையவனுக்குக் கடை வேண்டா; தொழிலும் நேர்மையும் உடையவனுக்குத் தமிழ் வேண்டும். எழுதத் தெரிந்த ஆசிரியர், புலவர், மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு சிறுகடைக்குச் சென்று, அமர்ந்து, விலைப்பட்டியலையும் பற்றுச்சீட்டையும் பிழையின்றித் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். முதியோர் தம் பேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவித் தருமாறு கேட்கட்டும். நிறுவித் தந்தால் உரிய கூலியைப் பேரம் பேசாது கொடுக்கட்டும். இதுவும் மொழிப்பணியே, மேடைப்பணியினும் பயன்மிக்க பணி.

நடுவணரசு 2022 திசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு வலைவாயிலைத் திறந்தது. பொருளை வாங்கியவனுக்கு அதனைத் திருத்திக்கொள்ளும் உரிமையும் உண்டு, நிறுவனம் உறுப்புகளையும் விளக்கங்களையும் பூட்டிவைத்தல் முறையன்று என்னும் கருத்து உலகெங்கும் வலுப்பெற்று வருகின்றது. ஐரோப்பாவும் அமெரிக்காவின் சில மாநிலங்களும் சட்டமே இயற்றிவிட்டன. நல்லது. ஆயின், தன் பேசிக்கு என்ன நேர்ந்தது என்று தன் மொழியில் அறியாதவனுக்குத் திருத்தும் உரிமை எவ்வாறு கிட்டும்? அறியும் உரிமை முதலுரிமை. அது தாய்மொழியில்தான் உண்டு.

கூரத்துச் செப்பேட்டின் வடமொழிப் புகழுரையை இன்று படிப்பார் மிகச் சிலர். அதன் தமிழ்ப் பகுதியோ, கால் வெட்டியவனும் நீர் பாய்ச்சியவனும் வாழ்ந்ததற்குச் சான்றாக நிற்கின்றது. சாலைமுனைக் கடையின் இளைஞனும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். புரியாத புகழ்மொழியைப் பலகையில் ஏற்றிவிட்டு ஈயோட்டுவதா? புரியும் மொழியில் விலை சொல்லி, புரியும் மொழியில் சீட்டு எழுதி, தறிக்கார அம்மை அச்சமின்றி வந்து அமரும் கடையை நடத்துவதா?

பலகையைத் திருத்துக! பட்டியலைத் தமிழில் எழுதுக! கைத்தொழிலில் நேர்மை காக்க! கடை நிறையும்; தமிழும் நிற்கும்!